புள்ளலூர் 1780 வார்கேம்: மன்றோவை காஞ்சிபுரத்துலயே உட்கார வைக்கிறது எப்படி?

அட்டைக்கத்தி:
மக்களே, ரெண்டு பேர் ஆடுற வார்கேம் (நிஜப் போரை மேசையில திரும்ப ஆடுற விளையாட்டு) ஒண்ணு பண்ணிட்டிருக்கேன். புடவைப் பெட்டி அட்டையை வெட்டித்தான் படைகளைக் காட்டுற கவுன்ட்டர் எல்லாம். கதை தெரியும்ல? ஆங்கிலேயக் கம்பெனித் தளபதி பெய்லி குண்டூர்லேர்ந்து படையோட வர்றார், செப்டம்பர் 6ல பேரம்பாக்கம்கிட்ட திப்பு மறிக்கிறார். 14 மைல்ல காஞ்சிபுரம். அங்க இன்னொரு கம்பெனித் தளபதி ஹெக்டர் மன்றோ (சென்னையில சிலையா நிக்கிறாரே, அந்த தாமஸ் மன்றோ வேற) சுமார் 5,000 பேரோட இருக்கார். பெய்லிக்கு உதவியா பிளெட்சர்ங்கிற அதிகாரிகிட்ட ஆயிரம் பேரைக் குடுத்து அனுப்பினதோட சரி, தான் நகரலை. 10ஆம் தேதி பெய்லி படை காலி.

சிக்கல் என்னன்னா, என் மச்சான் கம்பெனி பக்கம் ஆடினா முதல் டர்ன்லயே மன்றோவைக் கிளப்பிடறான். அப்புறம் புள்ளலூர் சண்டையே நடக்கலை. பகடையில 5, 6 விழுந்தாத்தான் மன்றோ நகரலாம்னு ரூல் போட்டேன். அப்பவும் சரிவரலை. நாளுக்கு ரெண்டு டர்ன், மொத்தம் 10.

தாயம்பன்னிரண்டு:
சரிவராதுதான். பத்து டர்ன்லயும் 5, 6 விழாமலே போக நூத்துக்கு ரெண்டு வாய்ப்புகூட இல்லை. 6 மட்டும்னு வச்சாலும் பதினாறுதான். அதுபோக, பகடை விழலைன்னு கையைக் கட்டிக்கிட்டு உட்கார்றவனுக்கு எரிச்சல்தான் வரும், பயம் வராது.

கோசஸ்தலை:
தம்பி, ஆளைக் கட்டிப் போடாதே. மன்றோ ஏன் போகலைன்னு பாரு. படைக்கான அரிசி, மூட்டை முடிச்சு எல்லாம் காஞ்சிபுரத்துல கிடக்கு. எதிர்ல சில மைல்ல ஹைதர் பெரும்படையோட நிக்கிறார். இவர் கிளம்பினா அவர் உள்ளே புகுந்துடுவார். அதனால அரிசிக்கு வெற்றிப் புள்ளி வை, பெய்லிக்கு வைக்கிறதுல பாதிக்குக் குறையாம.

இன்னொண்ணு. 9ஆம் தேதி ராத்திரி ஹைதர் சத்தமில்லாம கிளம்பி திப்புவோட சேர்ந்துக்கிறார். மன்றோவுக்கு அது தெரியலை. உன் கேம்ல ஹைதர் எங்க இருக்கார்னு எல்லாருக்கும் பளிச்சுன்னு தெரியுதே! குபெக் 1759ங்கிற வார்கேம்ல இருக்கிற மாதிரி மரக்கட்டையை நிக்க வை, முகம் ஹைதர் ஆடுறவனைப் பார்த்து. எதிராளியை ஏமாத்த ரெண்டு வெத்துக் கட்டையும் குடு.

அப்புறம் மைசூர் படையோட ராக்கெட்டுக்கு ரெண்டு பக்கம் ரூல் எழுதியிருப்பியே? எல்லாரும் எழுதுவாங்க. வெடிமருந்து வண்டி பக்கத்துல 6 விழுந்தா வண்டி போச்சு, அவ்வளவு போதும்.

அட்டைக்கத்தி:
மூணு பக்கம் அண்ணே. 😀 எக்ஸ்பான்ஷனா (கூடுதல் பகுதியா) ஆகஸ்ட் மாசத்தையும் சேர்க்கலாமா?

கோசஸ்தலை:
ஆகஸ்ட் கதை கோசஸ்தலை ஆத்துலதானே, அதுக்குத்தானே இந்தப் பேர் வச்சிருக்கேன்! 25ஆம் தேதி பெய்லி கரைக்கு வந்தப்போ தண்ணி இல்லை. காலையில தாண்டிக்கலாம்னு வடகரையில கூடாரம் போட்டார். ராத்திரி மழை. செப்டம்பர் வரைக்கும் அங்கேயே மாட்டிக்கிட்டார். ஒரே ஒரு ஆத்து மேப், ஒரு மழைப் பகடை. ஆனா மூல கேம் நிக்கட்டும் முதல்ல. கால் ஆடுற மேசைக்குப் பலகை நீட்டாதே.

அட்டைக்கத்தி:
நேத்து ராத்திரி ஆடிப் பார்த்தோம். பழைய ஜன்னல் சட்டத்தை அறுத்துக் கட்டை பண்ணினேன். காஞ்சிபுரத்துக்கு எதிர்ல ஒரு கட்டையை நிறுத்திட்டு நான் டீ குடிச்சிட்டிருந்தேன். மச்சான் அதையே பார்த்துக்கிட்டு எட்டு டர்ன் உட்கார்ந்திருந்தான். பத்தாவதுல துணிஞ்சு வந்து திருப்பினா வெறும் மரம். பெய்லி அதுக்குள்ள முடிஞ்சாச்சு.

கோபத்துல இன்னொரு ஆட்டம்னான். இந்தத் தடவை முதல் டர்ன்லயே மன்றோவைக் கிளப்பினான். ஆனா அந்தக் கட்டை இப்ப நிஜ ஹைதர். அரிசியும் போச்சு, மன்றோவும் போச்சு. மச்சான் இன்னும் போனை எடுக்கலை.