94 மி.மீ.க்கு ஒரு புள்ளி: டிரம் மட்டும் மாற்றினால் போதுமா?

மதுரை கே.கே. நகரில் சின்ன ஆடிட்டர் ஆபீஸ் எங்களுடையது. செகண்ட்ஹேண்டில் வாங்கிய கறுப்பு வெள்ளை காப்பியர் பத்து நாளாக உயிரை வாங்குகிறது.

முதலில் நீளவாக்கில் ஒரு கறுப்புக் கோடு வந்தது. தாளைத் தானாக இழுக்கும் ஃபீடரில் வைத்தால் மட்டும்தான் கோடு, பெரிய கண்ணாடியில் வைத்து எடுத்தால் இல்லை, அதனால் ஓரத்தில் இருக்கும் ஒல்லியான கண்ணாடிப் பட்டையைத் துடைத்தேன், காய்ந்த ஒயிட்னர் துளி ஒட்டியிருந்தது (யார் வேலை என்று தெரியும், விடுங்கள்), கோடு போய்விட்டது.

இப்போது வேறு தொல்லை. பக்கம் முழுக்க ஒரே வரிசையில் கறுப்புப் புள்ளிகள், ஸ்கேலில் அளந்தால் சரியாக 94 மி.மீ. இடைவெளி. கம்ப்யூட்டரிலிருந்து பிரிண்ட் கொடுத்தாலும் அதேதான், ஆக ஸ்கேனர் மேல் பழி போட முடியாது. மைத்தூளைத் தாளுக்கு மாற்றும் உருளைதான் டிரம், 30 மி.மீ. விட்டமுள்ள டிரம் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 94 வரும், அதனால் டிரம்மில்தான் கீறல் என்று நினைக்கிறேன். சர்வீஸ் தம்பியோ ஃபியூசரையும் (மைத்தூளைச் சூட்டில் தாளோடு ஒட்டவைக்கும் பகுதி) மாற்றணும் என்கிறார். பாதியில் நிறுத்திக் கதவைத் திறந்து பார்த்தேன், ஃபியூசருக்குள் போகாத தாளிலேயே புள்ளி இருக்கிறது. அப்புறம் ஃபியூசர் எதற்கு?

ஒரே ஒரு சந்தேகம், மழை பெய்த அன்று எழுத்தை விரலால் தேய்த்தால் உதிர்ந்தது. புதுக் கட்டு பிரித்துப் போட்டதும் சரியாகிவிட்டது, நமுத்த காகிதம்தானே காரணம்?

டிரம்மோடு, அதில் மிஞ்சும் மைத்தூளை வழிக்கும் கிளீனிங் பிளேடையும் மாற்றணுமா? டவுன்ஹால் ரோடு பக்கம் நம்பி வாங்கலாமா? செப்டம்பர் 30க்குள் ஆடிட் ரிப்போர்ட் வேலை முடியணும், அனுபவம் உள்ள அண்ணன்கள், அக்காக்கள் கொஞ்சம் சொல்லுங்கள்.