பதில்: ‘பின்னல் பொம்மை’ போதுமா? கைப்பின்னல், கண்ணி ஆகிய சொற்கள் குறித்து

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

கையால் பின்னும் பொம்மைக்கும் அந்தக் கைவேலைக்கும் தமிழில் என்ன சொற்கள் வைக்கலாம் என்று நம் குழுவில் மூன்று வாரங்களாக நீளும் இந்த மடல் இழையை ஒரு மடல் விடாமல் படித்து வருகிறேன். பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் பல ஆண்டுகள் இருந்தவள் நான். இப்போது அவிநாசிப் பக்கத்தில் என் வீட்டுத் திண்ணையில் மாலை நேரங்களில் ஒன்பது பெண்களுக்குக் கம்பியாலும் கொக்கியாலும் பொம்மை பின்னக் கற்றுக்கொடுக்கிறேன். அவர்கள் கையில் கொடுக்க ஒரு சிறு செய்முறைக் கையேட்டைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். சொல் இல்லாமல் வரிக்கு வரி நின்று நின்று எழுதுவதால்தான் இந்த நீண்ட மடல்.

> ‘பின்னல் பொம்மை’ என்றே வைத்துக்கொள்ளலாம். எளிய சொல், எல்லோருக்கும் புரியும்.

சென்னை நண்பர் எழுதிய இந்த வரிக்கு முதலில் பதில் சொல்கிறேன். சென்னையில் அது புரியலாம். எங்கள் பக்கத்தில் அது வேறொன்றாகப் புரிகிறது என்பதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். போன ஆண்டு ஒரு கடைக்காரர் தொலைபேசியில் நாற்பது ‘பின்னல் பொம்மை’ கேட்டார். எல்லாம் கரடிதான் வேண்டும் என்றார். ஒரு கரடிக்கு ஒருத்திக்கு இரண்டு மூன்று மாலைகள் பிடிக்கும். ஒன்பது பேரும் உட்கார்ந்து முடித்துக் கொண்டுபோய்ப் பிரித்துக் காட்டினோம். அவர் கேட்டது பனியன் துணியை வெட்டித் தைத்துப் பஞ்சு அடைத்த கரடி. திருப்பூரைச் சுற்றிப் ‘பின்னல்’ என்றால் பின்னலாடை, பின்னலாடை என்றால் இயந்திரத்திலிருந்து உருளையாக இறங்கும் துணி. அவர் பேசிய விலையும் அந்தத் துணிப் பொம்மைக்கு உரியது. பன்னிரண்டை மட்டும் எடுத்துக்கொண்டார். மீதி இருபத்தெட்டும் பல மாதங்கள் என் பீரோவின் மேல் உட்கார்ந்திருந்தன. அவர் பொய் சொல்லவில்லை, நாங்களும் தவறாகக் கேட்கவில்லை. ஒரே சொல் இரண்டு பொருளுக்கு நின்றது, அவ்வளவுதான். கலைச்சொல் என்பது அகராதிக்காரர்களின் வேலை என்று நினைத்திருந்த நான் அன்றைக்குத்தான் மாறினேன்.

> ‘நூற்பாவை’ எனலாம். பாவை என்னும் பழஞ்சொல்லும் மீண்டும் வழக்குக்கு வரும்.

சேலத்துத் தமிழாசிரியர் ஐயாவின் இந்தச் சொல்லை நான் மிகவும் விரும்பினேன். காகிதத்தில் பெரிதாக எழுதித் திண்ணைச் சுவரில் ஒட்டினேன். எங்கள் வகுப்புக்கு வரும் ஓர் அக்காவின் மகள் பிளஸ் டூ படிக்கிறாள். அவள் அதைப் பார்த்துவிட்டு, “எந்த நூற்பாவை? தொல்காப்பிய நூற்பாவையா?” என்று கேட்டாள். அவள் கேட்டது சரியே. இலக்கணப் பாடத்தில் நூற்பா என்பது சூத்திரம். நூற்பா என்ற சொல்லோடு இரண்டாம் வேற்றுமை உருபு சேர்ந்தாலும் நூற்பாவை என்றுதான் வரும். சரி, ‘நூல் பாவை’ என்று பிரித்து எழுதிப் பார்த்தேன். அப்போது பொம்மலாட்டத்தில் நூல் கட்டி ஆட்டும் பாவை கண்முன் வந்து நிற்கிறது. ஐயா பொறுத்தருள வேண்டும். இந்தச் சொல்லை விட மனமில்லாமல்தான் விடுகிறேன்.

என் முன்மொழிவு, ‘கைப்பின்னல் பொம்மை’.

எங்கள் கொங்கு நாட்டில் யாரிடமும் இதை விளக்கத் தேவையில்லை. பவானியிலும் சென்னிமலையிலும் கைத்தறி, சோமனூரிலும் பல்லடத்திலும் விசைத்தறி என்று கேட்டே வளர்ந்தவர்கள் நாங்கள். ‘தறி’ என்றால் எந்தத் தறி என்ற கேள்வி உடனே வரும். ‘கை’ என்ற ஒரே எழுத்து அதற்குப் பதில் சொல்லிவிடும். அந்த எழுத்துக்குச் சட்டத்திலும் எடை உண்டு. சில துணிவகைகளைக் கைத்தறிக்கென்றே ஒதுக்கிய சட்டம் 1985-இல் வந்தது. பின்னலுக்கும் அதே முன்னொட்டு பொருந்தும் என்பது என் உறுதியான எண்ணம். பின்னலாடை தன் பெயரோடு இருக்கட்டும். கையால் ஆனது கைப்பின்னல்.

‘பின்னற்பொம்மை’ என்று புணர்ச்சி செய்துதான் எழுத வேண்டுமா என்று ஒருவர் கேட்டிருந்தார். கடையில் பல்பொடி கேட்கிறோம், ஏட்டில் பற்பொடி எழுதுகிறோம். விலைச்சீட்டில் அச்சாக வேண்டிய சொல் வாயில் வரும் வடிவத்திலேயே இருக்கட்டும்.

இனி, கைப்பின்னலுக்குள் இரண்டு வகை. இந்த இழையில் பலரும் இரண்டையும் கலந்தே எழுதுகிறார்கள். முதல் வகையில் இரண்டு கம்பிகள். வரிசையில் உள்ள வளையங்கள் எல்லாமே கம்பியின் மேல் திறந்தபடி காத்திருக்கும். கம்பி உருவிக்கொண்டால் போயிற்று, வளையங்கள் கீழ்வரிசைகள் வரை நழுவி இறங்கும். நாம் குரோஷா என்று சொல்லும் இரண்டாம் வகையில் ஒரே கொக்கி. எந்த நேரத்திலும் திறந்திருப்பது பெரும்பாலும் ஒரு வளையம்தான். மற்றவை அவ்வப்போது மூடிக்கொண்டு போகும். ஆகவே குழந்தை வந்து மடியில் விழுந்தாலும் கொக்கி வேலைக்குப் பெரிய சேதம் இல்லை. சிறு குழந்தை வைத்திருக்கும் தாய்மார்கள் முதலில் கொக்கியைக் கற்பதே நல்லது என்று நான் சொல்வது இதனால்தான்.

இவற்றைக் ‘கம்பிப் பின்னல்’, ‘கொக்கிப் பின்னல்’ என்று எழுதலாம். ‘ஊசிப் பின்னல்’ என்று சிலர் எழுதியதை நான் ஏற்கவில்லை. ஊசி என்றால் காது வேண்டும், நூல் கோக்க வேண்டும். இதற்குக் காது கிடையாது. என் அம்முச்சி (அம்மாவைப் பெற்றவர்) பழைய குடைக்கம்பி இரண்டை உரைத்து முனை மழுக்கி வைத்திருந்தார். அவர் கடைசி வரை அதைக் கம்பி என்றே சொன்னார்.

பனியன் கம்பெனிக்காரர் ஒருவர் ‘கொக்கிப் பின்னல்’ என்ற பெயருக்கு மறுப்பு எழுதியிருந்தார். இயந்திர ஊசியின் முனையிலும் கொக்கிதானே இருக்கிறது என்கிறார். உண்மைதான். 30 அங்குல டையா (விட்டம்), 24 கேஜ் (அங்குலத்துக்கு 24 ஊசி) வட்ட இயந்திரத்தில் அப்படிப்பட்ட ஊசிகள் இரண்டாயிரத்துக்கு மேல் இருக்கும். ஆனால் அந்த ஊசிகள் செய்வது கம்பிப் பின்னலின் வளையத்தைத்தான். பனியன் துணியை இழுத்துப் பிடித்து உற்றுப் பார்த்தால் அம்முச்சியின் ஸ்வெட்டரில் இருந்த அதே வளையங்கள் சின்னதாகத் தெரியும். குரோஷாவுக்கோ தொழிற்சாலை அளவில் ஓடும் இயந்திரம் புழக்கத்தில் இல்லை. எனவே கொக்கிப் பின்னலுக்குக் ‘கை’ என்ற முன்னொட்டு இல்லாவிட்டாலும் கையால் ஆனது என்பது நிற்கும். கம்பிப் பின்னலுக்குத்தான் அது கட்டாயம் வேண்டும். கடைச்சீட்டில் இரண்டுக்கும் பொதுவாகக் ‘கைப்பின்னல்’ என்று போடுவோம்.

இவற்றுக்கெல்லாம் அடிப்படையானது அந்த ஒற்றை வளையத்தின் பெயர். ‘தையல்’ என்று எழுதினால் துணி தைப்பதோடு குழம்புகிறது. எனக்குக் ‘கண்ணி’ என்ற சொல்லே போதும் என்று தோன்றுகிறது. பூக்கட்டும் அம்மாக்கள் நாரில் ஒவ்வொரு முடிச்சாகப் போட்டுக் கண்ணி கண்ணியாகத்தான் கட்டுகிறார்கள். சங்கிலியின் ஒவ்வொரு வளையமும் கண்ணிதான். தாயுமானவர் இரண்டிரண்டு அடிகளாகத் தொடுத்த பாட்டுக்கும் பராபரக்கண்ணி என்று பெயர். ஒன்றையடுத்து ஒன்றாகத் தொடுக்கும் எதற்கும் தமிழ் இந்தச் சொல்லைக் கொடுத்திருக்கிறது. எங்கள் பெண்கள் ஒரே மாலையில் இதைப் பிடித்துக்கொண்டார்கள். ‘பதினெட்டுக் கண்ணி, இரண்டு கண்ணி குறை’ என்று வாய்விட்டு எண்ணுவதற்கு நாக்கு இடறவில்லை.

> கண்ணி என்றால் வேடன் வைக்கும் பொறி. ‘கண்ணிக்கரடி’ என்றால் பொறியில் மாட்டிய கரடி ஆகிவிடாதா?

ஆகிவிடும். யாழ்ப்பாணத்து அக்கா சொன்னது முற்றிலும் சரி, நான் அதற்கு முழுதாக உடன்படுகிறேன். டெட்டி கரடியின் கதை தெரிந்தவர்களுக்கு அது இன்னும் உறுத்தும். 1902 நவம்பரில் அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் மிசிசிப்பிக் காட்டுக்கு வேட்டைக்குப் போனார். உடன் சென்றவர்கள் ஒரு கரடியைப் பிடித்து மரத்தில் கட்டிவைத்து, சுடும்படி அவரைக் கேட்டார்கள். கட்டிப்போட்ட விலங்கைச் சுட மாட்டேன் என்று அவர் மறுத்துவிட்டார். கிளிஃபோர்ட் பெரிமன் அதை வாஷிங்டன் போஸ்ட் நாளேட்டில் கேலிச்சித்திரமாக வரைந்தார். புரூக்ளினில் கடை வைத்திருந்த மோரிஸ் மிச்டம் குடும்பம் ஒரு துணிக்கரடி செய்து ரூஸ்வெல்ட்டின் செல்லப்பெயரான டெட்டியை அதற்கு வைத்தது. ஏறக்குறைய அதே காலத்தில் ஜெர்மனியின் கீங்கன் ஊரில் ஸ்டைஃப் நிறுவனமும் கைகால் அசையும் கரடியைச் செய்தது. கட்டுண்ட கரடிக்கு இரங்கியதில் பிறந்த பொம்மைக்குப் பொறியின் பெயர் வேண்டாம். கண்ணி என்பது எண்ணும் அலகுக்கு மட்டும் இருக்கட்டும், பொம்மையின் பெயரில் வர வேண்டாம்.

டெட்டியையும் மொழிபெயர்க்கத் தேவையில்லை. அது ஒரு மனிதரின் பெயர். குழந்தைகள் ‘கரடி பொம்மை’ என்று எப்போதோ பெயர் வைத்துவிட்டார்கள். (எங்கள் வகுப்பில் ஒரு சிறுவன், சத்தியமங்கலம் காட்டுக் கரடிக்கு மார்பில் V வடிவில் வெள்ளைக் கோடு இருக்குமே, இதற்கு ஏன் இல்லை என்று கேட்டான். அன்றிலிருந்து நாங்கள் கறுப்பு உல்லன் நூலில் பின்னி, மார்பில் வெள்ளை நூலால் அந்தக் கோட்டைப் போடுகிறோம். கம்பிப் பின்னலின் முன்பக்கத்தில் தெரியும் கண்ணி ஒவ்வொன்றும் அதே வடிவில் இருப்பதால் கோடு அழகாகப் படிகிறது.)

சிறு பின்னல் பொம்மைகளுக்கு வழங்கும் அமிகுருமி என்ற பெயர் பற்றி: அது ஜப்பானியச் சொல். ‘அமி’ என்பது பின்னல், ‘நுயிகுருமி’ என்பது பஞ்சடைத்த பொம்மை. இரண்டும் சேர்ந்து சுருங்கிய பெயர். அந்தப் பாணியைக் குறிக்க அப்படியே எழுதலாம், எல்லாக் கைப்பின்னல் பொம்மைக்கும் அதை வைக்க வேண்டாம்.

மொழிபெயர்ப்பால் உண்மையில் ஆபத்து வரும் இடம் வேறு. அமெரிக்கர்கள் ‘சிங்கிள் குரோஷே’ என்பதைப் பிரிட்டிஷார் ‘டபுள் குரோஷே’ என்பார்கள். இருவரும் குறிப்பது ஒரே கண்ணியைத்தான். இணையத்தில் கிடைக்கும் குறிப்பு எந்த நாட்டுடையது என்று பார்க்காமல் ‘ஒற்றை’, ‘இரட்டை’ என்று தமிழாக்கினால் கரடியின் தலை பூசணிக்காய் ஆகிவிடும். நமக்கு அந்த வம்பே வேண்டாம். கண்ணால் பார்த்து உயரத்தை வைத்துக் ‘குட்டைக் கண்ணி’, ‘நெட்டைக் கண்ணி’ என்று வைப்போம். பொம்மைக்குக் குட்டைக் கண்ணிதான் ஏற்றது. நெருக்கமாக அமையும், உள்ளே இருக்கும் பஞ்சு வெளியே தெரியாது.

தலையைத் தொடங்கும் வளையத்தை ‘மாய வளையம்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். அதில் மாயம் எதுவும் இல்லை. நுனியை இழுத்தால் வாய் சுருங்கி மூடிக்கொள்ளும். பாட்டிமார் இடுப்பில் செருகிய சுருக்குப்பை செய்யும் வேலை அது. ‘சுருக்கு வளையம்’ என்று நான் சொன்னதும் வகுப்பில் அறுபது வயதுக்காரர் ஒருவர் என் விளக்கத்துக்குக் காத்திராமல் தானே போட்டுக் காட்டினார். அதில் ஆறு கண்ணி, அடுத்த சுற்றில் பன்னிரண்டு, பிறகு பதினெட்டு, இருபத்துநான்கு. ஆறாம் வாய்ப்பாட்டைச் சொல்லிக்கொண்டே தலையை விரிக்கிறார்கள்.

கம்பிப் பின்னலின் இரு வகைக் கண்ணிகளுக்கு (வளையத்தை நம் பக்கம் இழுப்பது ஒன்று, அந்தப் பக்கம் தள்ளுவது மற்றொன்று) ‘அகம்’, ‘புறம்’ என்ற பரிந்துரை கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் பொம்மையில் எது வெளியே வருகிறது என்று பார்க்கும்போது கை தடுமாறுகிறது. ‘நேர்க்கண்ணி’, ‘எதிர்க்கண்ணி’ என்று எழுதிப் பார்த்தேன், யாரும் தவறு செய்யவில்லை. தொடக்கம் ‘கண்ணி ஏற்றுதல்’. இறுதியை முதலில் ‘கண்ணி அடைத்தல்’ என்று எழுதியிருந்தேன். பஞ்சு அடைத்தலோடு மோதியதால் ‘கண்ணி முடித்தல்’ என்று மாற்றிக்கொண்டேன்.

சொற்கள் இவ்வளவு துல்லியமாக வேண்டுமா என்று கேட்கிறவர்கள், இது குழந்தைகள் வாயில் வைக்கும் பொருள் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு என்றால் கண்ணுக்குப் பொத்தான் வைக்கவே கூடாது, நூலால்தான் போட வேண்டும். பிய்ந்து வந்த பொத்தான் தொண்டையில் அடைக்கும். கையேட்டில் ‘கண் வைத்தல்’ என்று எழுதாமல் ‘நூலால் கண் போடுதல்’ என்று எழுதியிருப்பது இதற்காகத்தான். 2021 சனவரி 1 முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். கைவினைப்பொருள் வளர்ச்சி ஆணையரிடம் பதிவு செய்த கைவினைஞர்கள் தாமே செய்து விற்கும் பொம்மைகளுக்கு அதில் விலக்கு உண்டு. எங்களைப் போன்றவர்களுக்குக் ‘கை’ என்ற எழுத்து எவ்வளவு பெரியது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னும் எனக்குத் தீராமல் இருப்பது ஒன்று. ஒரே நூல், ஒரே கம்பி, ஒரே எண்ணிக்கை. இருந்தும் ஒருத்தியின் கரடி கைப்பிடிக்குள் அடங்குகிறது, இன்னொருத்தியின் கரடி தொளதொளவென்று வருகிறது. நூலை விரலில் சுற்றி இழுக்கும் அந்த அளவை ‘இறுக்கம்’ என்று சிலர் எழுதுகிறீர்கள். அப்படி எழுதினால் தளர்வாகப் பின்னுகிறவளுக்கும் இறுக்கம் என்றே சொல்ல வேண்டியிருக்கிறது. சமையலில் கைப்பக்குவம் என்பது போல ‘கைப்பதம்’ என்று வைக்கலாமா? பத்து சென்டிமீட்டருக்கு இத்தனை கண்ணி என்னும் கணக்கைத் தனியாகக் ‘கண்ணி அடர்த்தி’ எனலாம். சேலத்து ஐயாவும் யாழ்ப்பாணத்து அக்காவும் இந்த இரண்டு சொற்களைப் பற்றி மட்டும் வியாழனுக்குள் ஒரு வரி எழுதினால் நன்றாக இருக்கும். வெள்ளிக்கிழமை கையேடு அச்சுக்குப் போகிறது.

அன்புடன்,
அவிநாசியிலிருந்து