ஏப்ரலில் கோ தாவோ: முதல் ஸ்கூபா கோர்ஸுக்கு எந்தக் கடை?

கோவைப் பயணி கேட்டது:

வணக்கம். ஏப்ரல் விடுமுறையில் நானும் தம்பியும் தாய்லாந்து போகிறோம். பாங்காக்கில் கொஞ்சம் சுற்றிவிட்டு நேராக கோ தாவோ தீவு. ஸ்கூபா கற்றுக்கொள்ள வேண்டும் என்பது இருவருக்குமே பல வருட ஆசை. ஒருமுறை முங்கி எழுந்து போட்டோ போடுவதற்காக இல்லை, முறையாகக் கற்று சான்றிதழோடு வர வேண்டும்.

அந்தத் தீவில் தடுக்கி விழுந்தால் டைவ் கடை போலிருக்கிறது. சான்றிதழ் தரும் அமைப்பில் ஒருவர் பேடி என்கிறார், இன்னொருவர் எஸ்எஸ்ஐ என்கிறார். ஒரு இடத்தில் 4 நாள், வேறொரு இடத்தில் இரண்டரை நாளில் முடித்துத் தருகிறார்களாம். எதை வைத்து முடிவு செய்வது?

இன்னொரு விஷயம்தான் எனக்கு உறுத்துகிறது. தம்பிக்குச் சின்ன வயதிலிருந்தே வீசிங் உண்டு. இப்போது பெரிய தொந்தரவு இல்லை, ஆனால் போன மழைக்காலத்தில் சளி பிடித்தபோது இன்ஹேலர் எடுத்தான். ஒரு கடைக்கு வாட்ஸ்அப்பில் இதை எழுதிக் கேட்டேன். "மெடிக்கல் ஃபார்மில் எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று டிக் அடித்துவிடுங்கள், இங்கே எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள்" என்று பதில் வந்தது. விலையும் அங்கேதான் குறைவு.

எனக்கு நீச்சல் தெரியும், வேகம் வராது. கண்ணாடி போடுகிறேன், பவர் மைனஸ் 4. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பெர்ஹெந்தியான் வாசி:

தங்கச்சி, மலேசியாவில் பெர்ஹெந்தியான் தீவில் இன்ஸ்ட்ரக்டராக இருக்கிறேன். அதற்கு முன் கோ தாவோவிலும் வேலை பார்த்திருக்கிறேன். அந்த வாட்ஸ்அப் கடையை இப்போதே விட்டுவிடுங்கள். இலவசமாகச் சொல்லித் தந்தாலும் அங்கே வேண்டாம்.

ஏன் என்று சொல்கிறேன். கடல் மட்டத்தில் நம்மைச் சுற்றி இருக்கிற அழுத்தம் ஒரு பங்கு என்றால், 10 மீட்டர் ஆழத்தில் அது இரண்டு பங்கு. அங்கே நுரையீரல் நிறைய இழுத்த காற்று, மேலே வரும்போது இரண்டு மடங்காக விரியும். மூச்சு தடையில்லாமல் வெளியே போய்க்கொண்டிருந்தால் ஒன்றும் ஆகாது. முதல் நாள் வகுப்பிலேயே "மூச்சை அடக்காதே" என்று திரும்பத் திரும்பச் சொல்வது அதனால்தான். வீசிங் உள்ளவர்களுக்கு நுரையீரலின் சின்னக் குழாய்கள் சுருங்கினால் காற்று உள்ளேயே மாட்டிக்கொள்ளும். விரிகிற காற்றுக்குப் போக வழி இல்லையென்றால் நுரையீரல் கிழிந்து, காற்றுக் குமிழி ரத்தத்தில் கலந்து மூளை வரைக்கும் போகலாம். இதற்குப் பத்து மீட்டர் ஆழம்கூடத் தேவையில்லை.

அந்த ஃபார்மை இணையத்திலேயே எடுக்கலாம். முதல் பக்கத்தில் 10 கேள்விகள். சிலவற்றுக்கு 'ஆம்' என்றால் இரண்டாம் பக்கத்தில் இன்னும் சில கேள்விகள் வரும், அங்கே ஒன்றுக்கு 'ஆம்' விழுந்தாலும் டாக்டர் கையெழுத்து வேண்டும். கோவையிலேயே ஒரு நுரையீரல் டாக்டரிடம் ஃபார்மை அச்சடித்துக் கொண்டுபோங்கள். குழாயில் ஊதச் சொல்லி ஸ்பைரோமெட்ரி பார்ப்பார். சரி என்றால் கையெழுத்தோடு கிளம்புங்கள். வேண்டாம் என்றால் தம்பி படகில் கூடவே வந்து ஸ்நார்க்கல் பண்ணலாம். பக்கத்தில் இருக்கும் நாங் யுவான் தீவை ஒட்டிய ஜப்பானிஸ் கார்டன்ஸ் என்ற இடத்தில் மேலே மிதந்தபடியே பவளமும் மீன்களும் நன்றாகத் தெரியும். புதியவர்களை முதல் டைவுக்குக் கூட்டிப்போவதும் பெரும்பாலும் அங்கேதான்.

பேடியா எஸ்எஸ்ஐயா என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். 'ஓபன் வாட்டர்' என்கிற முதல் கோர்ஸ் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான்: பாடம், நீச்சல்குளப் பயிற்சி, கடலில் நான்கு டைவ், அதிகபட்சம் 18 மீட்டர். எந்த அட்டையை நீட்டினாலும் உலகம் முழுக்க ஏற்றுக்கொள்வார்கள். 'டிஸ்கவர்' என்று ஒரே நாளில் கூட்டிப்போவது வேறு. 12 மீட்டர் வரைதான், சான்றிதழ் கிடையாது.

யார் சொல்லித் தருகிறார், எத்தனை பேருக்கு? பார்க்க வேண்டியது இதைத்தான். பேடி விதிப்படி கடலில் ஒரு இன்ஸ்ட்ரக்டர் 8 மாணவர்கள் வரை வைத்துக்கொள்ளலாம். கோ தாவோவில் பல கடைகள் 4 பேரோடு நிறுத்திக்கொள்கின்றன, அப்படிப்பட்ட இடத்துக்கே போங்கள். 8 பேரில் ஒருவருக்குக் காது அடைத்தால் மற்ற ஏழு பேரும் அந்தரத்தில் காத்திருப்பார்கள், அந்த ஒருவர் அவசரப்பட்டு வலியோடு இறங்குவார். படகில் அவசரத்துக்கு ஆக்சிஜன் இருக்கிறதா, ஒரு பயிற்சி எனக்கு வரவில்லை என்றால் கூடுதல் நேரம் தருவீர்களா, அதற்குத் தனியாகக் காசு உண்டா என்றும் கேளுங்கள். நல்ல கடைக்காரர் இதற்கெல்லாம் சந்தோஷமாகப் பதில் சொல்வார்.

இரண்டரை நாள் விஷயம்: பாடத்தை ஊரிலேயே ஆன்லைனில் முடித்துவிட்டு வந்தால் அது நியாயமான கணக்குதான். அங்கே போய் எல்லாவற்றையும் அந்த நேரத்துக்குள் திணிக்கப் பார்த்தால் வேண்டாம்.

சிங்கப்பூர் அக்கா:

மேலே பெர்ஹெந்தியான் தம்பி சொன்ன ஒவ்வொன்றும் உண்மை. நான் ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு தியோமான் தீவில் கற்றேன் (இங்கிருந்து மெர்சிங் போய்ப் படகு பிடிப்போம்). ஒரே ஒரு காட்சி சொல்கிறேன், நல்ல ஆசிரியர் எப்படி இருப்பார் என்று தெரியும்.

முதல் கடல் டைவ். கயிற்றைப் பிடித்து இறங்குகிறோம். காது அடைப்பு விட மூக்கைப் பொத்தி ஊதுகிறேன், இடது காது திறக்கிறது, வலது காது திறக்கவில்லை. மூன்று மீட்டர் இருக்கும், ஊசி குத்துவது போல வலி. காதைக் காட்டி, கையைத் தட்டையாக வைத்து இப்படியும் அப்படியும் ஆட்டினேன், 'ஏதோ சரியில்லை' என்பதற்கு அதுதான் சைகை. எனக்குச் சொல்லித் தந்த பெண் என் கையைப் பிடித்து ஒரு மீட்டர் மேலே கூட்டிப்போனாள். தாடையை அசைக்கச் சொல்லித் தன் தாடையை அசைத்துக் காட்டினாள். அவசரமே இல்லை அவளிடம். கண்ணுக்கு நேராகப் பார்த்துக்கொண்டு, 'ஓகே' என்று விரலை வளைத்து நான் காட்டும்வரை நின்றாள். டொப் என்று காது விட்டது, அப்புறம்தான் இறங்கினோம். கூட இருந்தது ஒரே ஒரு மாணவர் என்பதால் அவளால் அப்படி நிற்க முடிந்தது.

கண்ணாடிக்கு: பவர் மாஸ்க் பல கடைகளில் வைத்திருப்பார்கள். மைனஸ் 4 என்று முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். சாஃப்ட் கான்டாக்ட் லென்ஸும் போடலாம், ஆனால் மாஸ்க்கைக் கழற்றி மாட்டும் பயிற்சியில் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் லென்ஸ் தண்ணீரோடு போய்விடும்.

சளி இருக்கும்போது இறங்காதீர்கள் அம்மா. மாத்திரை போட்டு மூக்கைத் திறந்துகொண்டும் இறங்காதீர்கள். கீழே இருக்கும்போது மருந்தின் வேகம் குறைந்தால், மேலே வரும்போது காது அடைத்துக்கொள்ளும்.

மதுரைக்காரன்:

நீச்சலுக்குப் பயப்பட வேண்டாம். 200 மீட்டர் நிற்காமல் நீந்த வேண்டும், நேரக் கணக்கு கிடையாது. 10 நிமிடம் மிதக்க வேண்டும். அவ்வளவுதான்.

செலவில் என்ன சேரும் என்று எழுத்தில் வாங்குங்கள்: உபகரண வாடகை, பாடப் பொருள், சான்றிதழ் கட்டணம், தங்குமிடம். சில கடைகள் அறையும் சேர்த்துத் தரும், சில கடைகள் சான்றிதழுக்குத் தனியாகக் கேட்கும். சாதாரண டிராவல் இன்ஷூரன்ஸில் ஸ்கூபா சேருமா, எத்தனை மீட்டர் வரை என்றும் படித்துப் பாருங்கள். சேராவிட்டால் டைவர்களுக்கென்றே டான் அமைப்பின் காப்பீடு இருக்கிறது.

கோவைப் பயணி:

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. அந்தக் கடைக்கு வேண்டாம் என்று எழுதிவிட்டேன். 4 பேருக்கு மேல் சேர்க்காத ஒரு இடம் கிடைத்திருக்கிறது. ஆக்சிஜன் பற்றிக் கேட்டதும் படகில் வைத்திருக்கும் பெட்டியையே படம் எடுத்து அனுப்பினார்கள்! ஒரே ஒரு சந்தேகம்: கடைசி டைவ் காலையில் முடிகிறது, அன்று மாலையே பக்கத்துத் தீவான கோ சமுயியிலிருந்து பாங்காக் விமானம் போட்டிருக்கிறேன். பரவாயில்லையா?

பெர்ஹெந்தியான் வாசி:

கூடாது தங்கச்சி. தொடர்ந்து சில நாள் டைவ் செய்தால் விமானம் ஏறக் குறைந்தது 18 மணி நேரம் விட வேண்டும், நான் மாணவர்களுக்கு 24 என்றே சொல்வேன். உடம்பில் சேர்ந்த நைட்ரஜன் மெதுவாக வெளியேற அந்த நேரம் வேண்டும். கேபின் அழுத்தம் குறையும்போது அது குமிழியாக மாறினால் மூட்டு வலியில் தொடங்கி எங்கேயும் போய் முடியலாம்.

விமானத்தை விட்டுவிட்டு அக்கரையில் இருக்கும் சும்போன் வரைக்கும் படகு, அங்கிருந்து பாங்காக்குக்கு பஸ் என்று சேர்த்து டிக்கெட் எடுங்கள். ஊர் திரும்பும் விமானம் அடுத்த நாள் மதியத்துக்கு மேல் இருக்கட்டும். தேதி மாற்ற முடியாவிட்டால் கோர்ஸை ஒரு நாள் முன்னால் தொடங்குங்கள்.

கோவைப் பயணி:

சமுயி டிக்கெட்டை ரத்து செய்துவிட்டேன் அண்ணா. பஸ்தான். ஃபார்ம் அச்சடித்தாயிற்று, வியாழக்கிழமை தம்பியை டாக்டரிடம் கூட்டிப்போகிறேன். அவர் என்ன சொல்கிறார் என்று இங்கேயே எழுதுகிறேன்.