அப்பாவின் மாத்திரை டப்பா

அக்கா, காலை 7:10
அப்பா, இப்போது உடம்பு எப்படி இருக்கிறது?

அப்பா, 7:18
நன்றாக இருக்கிறேன்மா. இட்லி சாப்பிட்டாச்சு.

தம்பி, 7:20
என்ன ஆச்சு? இப்போதுதான் ஷிப்ட் முடிந்து வந்தேன்.

அம்மா, 7:26
நேற்று சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்திருந்தவருக்குச் சட்டை தொப்பலாக நனைகிற அளவு வியர்த்துவிட்டது. கையெல்லாம் நடுக்கம். சுகர் மிஷினில் பார்த்தால் 54தான், ரொம்பக் குறைவு. மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தேன். கால் மணி நேரத்தில் 88. அப்புறம் சோறு கொடுத்தேன். ராத்திரி இரண்டு மணிக்கும் எழுப்பிப் பார்த்தேன், 116.

அக்கா, 7:31
தம்பி, அம்மாவிடம் மாத்திரை அட்டைகளைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். போன வாரம் புது டாக்டர் எழுதியதும் பழைய மாத்திரையும் ஒரே மருந்து! இரண்டிலும் சுகரைக் குறைக்கிற கிளிமிபிரைடு. கம்பெனிப் பெயர்தான் வேறு. அப்பா இரண்டையும் போட்டிருக்கிறார்.

தம்பி, 7:33
டாக்டர் கேட்கவில்லையா?

அப்பா, 7:40
கேட்டார்ப்பா. சுகர் மாத்திரை போடுகிறேன் என்றேன், பெயர் சொல்லத் தெரியவில்லை. வெளியே அவ்வளவு பேர் நிற்கும்போது அவரை எதற்குத் தொந்தரவு செய்வது என்று எழுந்து வந்துவிட்டேன்.

அக்கா, 7:42
அது தொந்தரவே இல்லை அப்பா. நீங்கள் சொன்னால்தானே அவருக்குத் தெரியும்? ராத்திரி போன் செய்தேன். பழையதை நிறுத்தச் சொன்னார், 11 மணிக்கு வரச் சொன்னார்.

சித்தி, 7:50
அத்தான், டப்பாவையே எடுத்துக்கொண்டு போங்கள். மூட்டுவலி மாத்திரை, லேகியம் எதையும் விடாதீர்கள். எங்கள் ஆஸ்பத்திரி வார்டில் நான் எல்லாரிடமும் சொல்வது இதுதான்: இது எதற்கு, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா, ஒரு வேளை மறந்தால் என்ன செய்வது என்று கேளுங்கள். டாக்டர் சொன்னதை அவரிடமே ஒருமுறை திருப்பிச் சொல்லுங்கள். தப்பாகப் புரிந்திருந்தால் அங்கேயே திருத்துவார். வேறு ஏதாவது சொல்லாமல் வைத்திருக்கிறீர்களா?

அப்பா, 8:02
ஒன்று உண்டு. நடக்கும்போது செருப்பு கழன்றால்கூடத் தெரிவதில்லை. வயசாகிவிட்டது என்று விட்டுவிட்டேன்.

சித்தி, 8:03
ஐயோ, அதை முதலில் சொல்லுங்கள் அத்தான்! சர்க்கரை நரம்பைத் தொட்டிருக்கலாம்.

அப்பா, 8:15
காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக்கொண்டேன். செருப்பு விஷயம்தான் முதலில்.

அம்மா, பகல் 12:40
பார்த்துவிட்டோம். நைலான் நரம்பு மாதிரி ஒன்றால் பாதத்தைத் தொட்டுத் தொட்டுக் கேட்டார். இடது கட்டைவிரலில் உணர்ச்சி குறைவாம். தினமும் ராத்திரி பாதத்தைப் பார்க்கச் சொன்னார், வெறுங்காலோடு நடக்கவே கூடாதாம். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை பார்க்க ரத்தமும் கொடுத்தாச்சு.

அப்பா, 12:44
திருப்பிச் சொல்லிப் பார்த்தேன். ராத்திரி மாத்திரை ஒன்றைத் தப்பாகச் சொல்லியிருந்தேன், டாக்டர் திருத்தினார்.