பழைய விண்டோஸ்களில் எது தாக்குப்பிடித்தது? உங்கள் அனுபவங்கள்

செந்தூல், கோலாலம்பூர்

என் ஓட்டு விண்டோஸ் 2000க்குத்தான்.

அப்போது செந்தூலில் ஒரு சிறிய தமிழ் அச்சகத்தில் பக்கம் கட்டும் வேலை எனக்கு. கல்யாணப் பத்திரிகை, கோயில் திருவிழா நோட்டீஸ், சங்கங்களின் ஆண்டு மலர். தைப்பூசம் நெருங்கினால் இரவு பகல் கிடையாது. கடையில் இருந்ததெல்லாம் விண்டோஸ் 98. அதை மெதுவானது என்று சொல்லவே முடியாது. 64 எம்பி ரேமில் சிட்டாய்ப் பறக்கும்.

மதியத்துக்கு மேல்தான் சிக்கல் ஆரம்பிக்கும். நாலைந்து கோப்புகள், நிறைய எழுத்துருக்கள், பெரிய படங்கள் திறந்திருந்தால் முதலில் மெனுவில் எழுத்து மறையும், அப்புறம் ஐகான்கள் கறுப்பாகும், கடைசியில் நீலத் திரை. முதலாளி இம்பி பிளாசாவுக்குப் போய் ரேம் வாங்கிவந்து இரட்டிப்பாக்கினார். ஒன்றும் மாறவில்லை. மாறவும் மாறாது. திரையில் வரைவதற்கான தகவல்களில் ஒரு பகுதியை 98 வைத்திருந்த இடம் வெறும் 64 கேபி. விண்டோஸ் 3.1 காலத்து 16 பிட் மென்பொருள்களும் ஓட வேண்டுமே என்று விட்டுவைத்த பழைய அறை அது. ரேமை எவ்வளவு கூட்டினாலும் அது விரியாது. அந்த 16 பிட் பகுதிக்குள் ஒரு நேரத்தில் ஒரு நிரல்தான் நுழையலாம். உள்ளே போனது மாட்டிக்கொண்டால் மற்றதெல்லாம் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான்.

2000 வந்ததும் இந்தத் தொல்லை போனது. அது விண்டோஸ் என்டி என்ற இன்னொரு வரிசையின் கருவின் (கணினியை அடியிலிருந்து நடத்தும் மையப் பகுதி) மேல் கட்டியது, ஒவ்வொரு நிரலுக்கும் தனி நினைவிடம். பக்கம் கட்டும் மென்பொருள் உறைந்துபோனால் அதை மட்டும் டாஸ்க் மேனேஜரில் நிறுத்திவிட்டு, பக்கத்து ஜன்னலில் வேலையைத் தொடரலாம். 64 எம்பியில் இழுக்கத்தான் செய்தது, 128 ஆவது வேண்டும். வேகத்தை மட்டும் பார்த்தால் அதே கணினியில் 98தான் முந்தும். ஆனால் மாலையில் எத்தனை பக்கம் அச்சுக்குப் போனது என்பதுதானே எங்களுக்குக் கணக்கு?

நம் ஊர் பிற்பகல் இடிமழையையும் சொல்ல வேண்டும். கரண்ட் போய் வந்தால் 98, வட்டைச் சோதிக்கும் ஸ்கேன்டிஸ்க்கை ஓட்டிக்கொண்டு உட்காரும், சில கோப்புகள் உடைந்தே கிடைக்கும். 2000இல் வட்டில் கோப்புகளை அடுக்கும் முறையாக என்டிஎஃப்எஸ் போட்டிருந்தோம். வட்டின் அமைப்பில் செய்யப்போகும் மாற்றங்களை அது முதலில் ஒரு பதிவில் குறித்துக்கொள்ளும். அதனால் சேமிக்காத பக்கம் போனாலும் வட்டு சிதையாது.

இன்னொன்று, எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவாக எண் தரும் யூனிகோட் முறையில் தமிழைத் தன்னோடு கொண்டுவந்த முதல் விண்டோஸ் இதுதான், லதா எழுத்துருவோடு. 2001 ஆகஸ்டில் இங்கே கோலாலம்பூரில் தமிழ் இணைய மாநாடு நடந்தபோது குறியாக்கம் (எந்த எழுத்துக்கு எந்த எண் என்பது) பற்றித்தான் எங்கும் பேச்சு. அச்சு வேலைக்குப் பழைய குறியாக்கங்களே தொடர்ந்தன என்றாலும், தனி எழுத்துரு எதையும் நிறுவாமல் திரையில் தமிழைப் பார்த்த அந்த மகிழ்ச்சி இன்னும் குறையவில்லை.

ஜோர்ஜ் டவுன், பினாங்கு

அண்ணே, 98ஐ அவ்வளவு லேசாகத் தள்ளிவிடாதீர்கள். கொம்தார் பக்கம் ஒரு சைபர் கஃபேயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாதிக் கணினிகளில் 2000க்குப் பின் வந்த விண்டோஸ் எக்ஸ்பி, மீதியில் 98. 2003 ஆகஸ்டில் பிளாஸ்டர் புழு வந்தது, வலையமைப்பு வழியே தானே பரவும் தீய நிரல். எக்ஸ்பி கணினிகளில் திடீரென்று ஒரு பெட்டி தோன்றி அறுபது நொடி எண்ணும், அப்புறம் தானே மறுதொடக்கம் ஆகும். வாடிக்கையாளர் பாதி மின்னஞ்சல் எழுதியிருப்பார். ‘ஷட்டவுன் -ஏ’ என்று கட்டளை கொடுத்து எண்ணிக்கையை நிறுத்தி, அந்த இடைவெளியில் திருத்தத்தை இறக்கிப் போடுவதே வேலையாகிவிட்டது. இத்தனைக்கும் அந்தத் திருத்தம் ஜூலையிலேயே வெளிவந்துவிட்டது. புழு நுழைந்த ஓட்டை 98இல் இல்லாததால் அந்த வரிசை மட்டும் ஒன்றுமே நடக்காதது போல ஓடியது.

பாயான் லெப்பாஸ், பினாங்கு

எங்கள் தொழிற்சாலையில் சோதனை இயந்திரத்தை இயக்கியது என்டி 4.0. யுஎஸ்பி கிடையாது, புதிய அட்டை போட்டால் எல்லாம் கையால்தான் அமைக்க வேண்டும். ஆனால் ஆண்டுக்கணக்கில் ஓடியது. வெளி வலையமைப்பில் இணைக்காமல், ஒரே மென்பொருளை மட்டும் ஓட்டியதும் ஒரு காரணம். 1996இல் 4.0 வந்தபோது வேகத்துக்காகத் திரை இயக்கிகளை (திரைக்கான வன்பொருளை நடத்தும் மென்பொருள்) கருவுக்குள் கொண்டுபோனார்கள்; கெட்ட இயக்கி ஒன்று போதும், மொத்தமும் விழுந்துவிடும். அதனால் இயக்கியைப் புதுப்பிக்க யாரையும் நாங்கள் விட்டதில்லை.

95, 98இல் 49.7 நாள் கோளாறு ஒன்று இருந்ததே, தெரியுமா? மில்லிநொடி எண்ணும் 32 பிட் எண் நிரம்பியதும் கணினி உறைந்துவிடும். 95 வந்து நாலு வருடம் கழித்து, 1999இல்தான் அதற்குத் திருத்தம் வந்தது. அதுவரை எத்தனை பேர் அணைக்காமல் ஓட்டியிருப்பார்கள், நீங்களே யோசியுங்கள்.

செந்தூல், கோலாலம்பூர்

தம்பி சொல்வது நியாயம். பிளாஸ்டர் 2000ஐயும் தாக்கியது. அடுத்த ஆண்டு எக்ஸ்பிக்கு வந்த சர்வீஸ் பேக் 2 என்ற திருத்தத் தொகுப்பு, வெளியிலிருந்து வரும் இணைப்புகளைத் தடுக்கும் தீச்சுவரைத் தானாகவே இயக்கிவைத்தது. 2000க்கு அப்படி ஒன்று வரவே இல்லை. அதனால் இணையத்துக்கு ஒரு எக்ஸ்பி, பக்கம் கட்ட 2000 என்று கடையில் பிரித்துவைத்தோம்.