புண்ணுக்கு ஏற்ற சொல் ‘காரத்தன்மை’யா, ‘களர்மை’யா?

அன்புடையீர், வணக்கம்.

புண் பராமரிப்புக் கையேட்டுக்கென முன்வைக்கப்பட்டுள்ள ‘புண்ணின் காரத்தன்மை’ என்னும் தொடரை ஏற்கத் தயங்குகிறேன். அமிலத்தன்மைக்கு எதிரானது என்னும் பொருளில் வேதியியல் பாடநூலில் அது பொருந்தும். ஆனால் காரைக்குடிப் பக்கம் ‘காரம்’ என்றவுடன் மிளகாயும் மிளகுமே நினைவுக்கு வரும். ‘புண்ணில் காரம் கூடினால் ஆறாது’ என்று எழுதிக்கொடுத்தால், சர்க்கரை நோயால் காலில் புண் கண்ட ஆச்சி, குழம்பில் மிளகாயைக் குறைத்துவிட்டுப் புண்ணைச் சோப்புப் போட்டே கழுவிவருவார். சோப்பின் பி.எச். அளவோ (7 நடுநிலை; அதற்குக் கீழே அமிலம், மேலே காரம்) 9, 10 என்று இருக்கும்.

நலமான தோலின் மேற்பரப்பில் அந்த அளவு ஏறத்தாழ 4 முதல் 6 வரைதான். வியர்வையின் லாக்டிக் அமிலமும் தோல் எண்ணெயிலிருந்து பிரியும் கொழுப்பு அமிலங்களும் அதைக் காக்கின்றன. தோல் கிழிந்ததும் 7.4 அளவுள்ள உள்திசு வெளிப்படுகிறது. ஆறிவரும் புண் மெல்ல அமிலப் பக்கம் திரும்ப, நாட்பட்ட புண் 7-க்கு மேலேயே, சில வேளை 8-ஐயும் தாண்டி, நின்றுவிடுகிறது. அந்நிலையில் புரதத்தைச் சிதைக்கும் நொதிகள் வீறுகொண்டு புதுத் திசுவை அரிக்கின்றன. யூரியாவைச் சிதைக்கும் கிருமிகள் அம்மோனியாவை வெளியிட்டு அளவை மேலும் ஏற்றுகின்றன. குருதியின் ஹீமோகுளோபின் ஆக்சிஜனைத் திசுவுக்கு எளிதில் விட்டுக்கொடுப்பதும் அமிலச் சூழலில்தான்.

‘காரம்’ தரும் மயக்கம் பழையது. சவரக் கீறலில் தேய்க்கும் படிகாரம், பெயரில் காரம் தாங்கினாலும், கரைசலில் அமிலமே.

எனவே ‘புண் களர்மை’ என்பதை முன்மொழிகிறேன். பி.எச். 8.5-ஐத் தாண்டிய மண்ணைக் களர் என்றும் உப்பு மிகுந்ததை உவர் என்றும் வேளாண்துறை பிரித்தே வழங்குகிறது. களர் என்பது சோடியம் ஏறிய மண்ணை மட்டுமே குறிக்கும் என்ற தடை நியாயமானது. ஆயினும் மின்னலைக் குறித்த ‘மின்’, நம்மூர் மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தின் பெயர்ப்பலகையில் வேறு பொருள் தந்து நிற்பதை எவரும் குறையாகக் கொள்வதில்லை.

ஓரிடத்தில் மட்டும் ‘காரம்’ இருக்கட்டும். சுண்ணாம்புப் பூச்சு வேலை செய்வோருக்கு ஏற்படும் புண், காரமே திசுவைக் கரைத்து ஆழ இறங்குவதால் வருவது; அதைக் ‘காரச் சுடுபுண்’ எனலாம். அதற்கு முதலுதவி, ஒட்டியிருக்கும் தூளைத் தட்டிவிட்டு, ஓடும் நீரில் நெடுநேரம் கழுவுதல். ‘களர்மை’க்கான விளக்கத்திலேயே, எலுமிச்சைச் சாற்றையோ காடியையோ எந்தப் புண்ணிலும் தாமாக ஊற்றலாகாது என்ற வரியையும் சேர்த்துவிட வேண்டுகிறேன்.