பட்டா கணவர் பெயரில் இருந்தால் பாசனச் சங்கத்தில் எனக்கு வாக்கு இல்லையா?

கேள்வி:
எங்கள் இரண்டு ஏக்கர் ஏரிப்பாசன நிலத்தில் நாற்றங்கால் விடுவது முதல் நெல் தூற்றுவது வரை பன்னிரண்டு ஆண்டுகளாக நானே பார்த்துவருகிறேன். கணவர் வெளியூரில் பணிபுரிகிறார். ஆயினும் மடை திறக்கும் முறையைத் தீர்மானிக்கும் சங்கத் தேர்தலில், பட்டா என் பெயரில் இல்லை என்று கூறி வாக்களிக்க மறுத்துவிட்டனர். வழி உண்டா?

பதில்:
சகோதரி, 2000-ஆம் ஆண்டின் பாசன மேலாண்மைச் சட்டம் நில உடைமையை வைத்தே வாக்குரிமை தருகிறது. கணவர் அரை ஏக்கரையேனும் உங்களுக்குச் செட்டில்மெண்ட் (விலையின்றிச் சொத்தை எழுதித்தரும் பத்திரம்) எழுதிக்கொடுத்துப் பட்டா மாறுதல் செய்தால் தடை நீங்கும். குடும்பத்தினருக்குள் எழுதும் இப்பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை கிரயப் பத்திரத்தைவிட மிகக் குறைவு.

பதில்:
பிறந்த வீட்டுப் பங்கையும் விசாரியுங்கள். பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சமபங்கு தமிழகத்தில் 1989-இலேயே சட்டமானது. அதற்கு முன் மணமானவர்களுக்கும் 2005-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டத்திருத்தம் வழிவிட்டது. எங்கள் ஊரில் பெரும்பாலான பெண்கள் அண்ணன் தம்பி உறவு முறியுமே என்று அஞ்சி, தம் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையொப்பமிட்டுவிடுகின்றனர் என்பது எனக்கு ஆறாத வேதனை.

பதில்:
நிலமே இல்லாமல் நடவுக்கும் களைக்கும் செல்லும் பெண்கள் என்ன செய்வார்கள்? உழைப்பை வைத்தே பெண்ணை விவசாயி எனச் சான்றளிக்கும் தனிநபர் மசோதாவை வேளாண் விஞ்ஞானி எம்.எஸ்.சுவாமிநாதன் மாநிலங்களவையில் கொண்டுவந்தார். அது நிறைவேறாமலே காலாவதியானது. இன்று பட்டியல் இனத்துப் பெண் விவசாயத் தொழிலாளர்களாவது தாட்கோவின் (ஆதிதிராவிடர் வீட்டுவசதி மற்றும் மேம்பாட்டுக் கழகம்) நிலம் வாங்க உதவும் நன்னிலம் திட்ட மானியத்துக்கு விண்ணப்பிக்கலாம்.